தங்கச்சி வாயில் வராத பேரு

1

ஊர்ல இருக்கிறவங்களுக்கு இதைப் படிச்சா சிரிப்பு வரும். வரட்டும். எனக்கே இப்பத்தான் சிரிப்பு வருது. போன மாசம் பூரா பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

மெல்போர்ன்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியோட சலவைக் கூடத்துல எனக்கு வேலை. போர்வையும் தலகாணி உறையும் டாக்டருங்க போடுற பச்சை உடுப்பும் நாள் பூரா மூட்டை மூட்டையா வந்துக்கிட்டே இருக்கும். மத்தியானம் சாப்பாட்டு ரூம்ல தயிர்சாதத்தைத் தொறந்து வச்சுக்கிட்டு, புதுக்கோட்டை கீழராஜ வீதியில ஜவுளிக்கடைக்காரங்க போடுற சேலை வீடியோவைப் பாக்கிறது என் வழக்கம். வாங்கப் போறதில்ல. சும்மா, கண்ணுக்குக் குளிர்ச்சி.

அன்னைக்கு, பல வருஷத்துக்கு முன்னாடி நாங்க இந்த நாட்டுக்கு வந்து எறங்குன அதே தேதி. எங்க வீட்டுக்காரரு காலையிலேயே மறந்துட்டாரு. நானும் ஞாபகப்படுத்தல. சாயங்காலம் சண்டை போடுறதுக்கு ஒரு விஷயம் இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.

கடைக்காரத் தம்பி ஒரு மாம்பழக் கலர் சேலையை விரிக்கிற நேரத்துல விளம்பரம் புகுந்துச்சு. யாரோ ஒரு பொம்பளை கையில தைல பாட்டில். ஸ்கிப் பண்ணலாம்னு கட்டைவிரலைக் கொண்டுபோனேன். விரல் அப்படியே நின்னுபோச்சு. அந்தப் பொம்பளை என் தங்கச்சி வளர்மதி.

அவளே தான். குளத்தூர்ப் பக்கம் அவ வீட்டு அடுப்படி, பின்னால நீலப் பிளாஸ்டிக் டிரம், மேல அந்தப் பச்சைக் கட்டம் போட்ட சேலை. குரலும் அவளோடதுதான். ஆனா பேச்சு மட்டும் டிவி செய்தி வாசிக்கிறவங்க மாதிரி.

"வணக்கம் உறவுகளே. என் கணவர் ஆறுமுகம் மூட்டு வலியால் நடக்க முடியாமல் தவித்தார். இந்தத் தைலத்தை மூன்றே நாள் தடவினோம்..."

அதுக்கு மேல என் காதுல எதுவும் ஏறல. தைலம் கெடக்கட்டும், மூட்டு கெடக்கட்டும். ஆறுமுகம்னு சொன்னா பாருங்க, அங்கதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வளரு வாயிலேருந்து ஆறுமுகம்ங்கிற பேரு! அடி ஆத்தி, இது என் தங்கச்சி இல்லடின்னு அந்த இடத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

பக்கத்துல உக்காந்திருந்த பிலிப்பைன்ஸ்காரி, "என்ன, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"ன்னா. அவகிட்ட என்னத்தைச் சொல்ல? என் தங்கச்சி அவ புருஷன் பேரைச் சொல்லிட்டாள்னா சொல்ல முடியும்?

2

எங்க பக்கத்துல பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்லமாட்டாங்க. இப்ப படிச்ச புள்ளைங்க சொல்லுதுங்க, நல்லாவே கூப்பிடுதுங்க. ஆனா என் வயசுலயும் வளரு வயசுலயும் இருக்கிற முக்காவாசிப் பேருக்கு இன்னமும் நாக்கு வராது. எங்க சொந்தத்துல ஒரு சின்னம்மா. புருஷன் பேரு வெள்ளைச்சாமி. அந்தம்மா சுண்ணாம்பை வெள்ளைன்னு சொல்லாது, "செவுத்துக்கு அடிக்கிறது"ன்னுதான் சொல்லும். வெள்ளைப்பூண்டுக்கு என்ன சொல்லும்னு கேக்காதீங்க, கடைக்காரரு அந்தம்மாவைப் பாத்ததுமே பூண்டை எடை போட்டுருவாரு.

வளருக்கு அந்தக் கஷ்டம்கூட இல்ல. அவ புருஷன் ஆறுமுகத்துக்கு விராலிமலை முருகன் பேரு. ரேசன் கடையா இருக்கட்டும், ஓட்டுப் போடுற எடமா இருக்கட்டும், "விராலிமலையில இருக்காருல்ல, அவரு பேரு"ன்னுவா. முடிஞ்சுது வேலை.

கஷ்டப்பட்டது நான்தான். இந்த நாட்டுக்கு வந்து எறங்குன அன்னைக்கு ஏர்ப்போர்ட்ல ஒரு ஆபீசர், "உன் கணவர் பேரு என்ன?"ன்னாரு. நான் திரும்பி எங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். ஊர்ல அப்படிப் பாத்தாப் போதும், அவரே சொல்லிருவாரு. இவரு வாயைத் தொறக்கப் போனதும், "நீ பேசாதே, அவங்க சொல்லட்டும்"னு ஆபீசர் கையைக் காட்டிட்டாரு. கட்டுன புருஷன் பேரே தெரியாம ஒருத்தி வந்து நிக்கிறாளேன்னு அவருக்குச் சந்தேகம். எனக்கு வேர்த்துக் கொட்டுது. கடைசியில கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, இங்கிலீஷ் எழுத்தாப் பிரிச்சு, பள்ளிக்கூடத்துல ஸ்பெல்லிங் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். ஆபீசரால சிரிப்பை அடக்க முடியல. முத்திரையைக் குத்திட்டாரு.

அன்னையிலேருந்து பேங்க்ல, ஆஸ்பத்திரியில எல்லாம் சொல்லிருவேன். இங்கிலீஷ்ல சொன்னா அது வேற யாரோ ஒரு ஆளு பேரு மாதிரி இருக்கும். தமிழ்ல இன்னமும் வாய் வராது. இந்தக் குறிப்புலயும் அவரு பேரு எங்கயும் வராது, தேடாதீங்க.

3

வளரு வீடியோக்காரி ஆன கதையைச் சொல்லணும். அவ புருஷன் ஆறுமுகம், எனக்குத் தம்பி மாதிரி, குவைத்துல ஏசி மெக்கானிக்கா இருந்தாரு, ஏழெட்டு வருஷம். அங்க ரூம்ல தானே பொங்கித் திங்கணும். இவ ஊர்ல குழம்பு வைக்கிறதைப் போன்ல படம் பிடிச்சு அனுப்புவா, அவரு பாத்துப் பாத்துச் செய்வாரு. போன் ரொம்பிப் போச்சு. அழிக்கவும் மனசில்ல. அவரு தன் பேருல ஒரு சேனலைத் தொறந்து எல்லாத்தையும் அதுல ஏத்தி வச்சாரு. அம்புட்டுத்தான். யாரும் பாக்கணும்னு செஞ்சதில்ல.

ஆனா பாத்தாங்க. மொதல்ல அவரு ரூம்ல கூட இருந்தவங்க. அப்பறம் அவங்க பொண்டாட்டிமாரு. மணமேல்குடிக் கருவாட்டை வாங்கி, கத்திரிக்காய் போட்டு ஒரு குழம்பு வச்சா பாருங்க, அது மலேசியா, சிங்கப்பூரு, கனடான்னு போயிருச்சு. "வளர்மதி அடுப்படி"ன்னு யாரோ பேரு வச்சாங்க, அதுவே நெலைச்சுது. வீடியோவுக்கு நடுவுல விளம்பரம் வர ஆரம்பிச்சு, அந்த வருமானத்துல ரெண்டு புள்ளைங்க படிப்பும் வீடும் ஓடும்னு ஆனப்ப ஆறுமுகம் தம்பி குவைத்து வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துட்டாரு.

வெளிநாட்டுக்குப் போனவங்க உடம்பு முடியாம வந்து பாத்திருக்கேன், கம்பெனி வெரட்டிவிட்டு வந்து பாத்திருக்கேன். பொண்டாட்டி வச்ச குழம்பால ஒரு மனுஷன் வீடு திரும்புனதை அப்பத்தான் பாத்தேன்.

இப்ப நம்ம மாவட்டத்துல வீடியோ எடுக்காத ஆளு யாரு, சொல்லுங்க? ஆட்டுச் சந்தையில ஒருத்தரு, ஜல்லிக்கட்டு மாட்டுக்கு ஒருத்தரு, ஆவூர்த் தேரைக் காட்ட ஒருத்தரு. காதுகுத்து வீட்டுல பந்தி நடக்கும்போதே இங்க எனக்கு லைவ் வந்துருது. நான் பாயசத்தைப் பாத்து எச்சி ஊறிக்கிட்டு இருக்கையில நடுவுல உரக்கடை விளம்பரம் வருது. முன்னாடி செவுத்துல எழுதுனவங்க, ஆட்டோவுல மைக் கட்டுனவங்க எல்லாம் இப்ப வளரு மாதிரி ஆளுங்களைத் தேடி வாராங்க. எண்ணெய் ஆலைக்காரரு, பாத்திரக்கடைக்காரரு, எல்லாரும் வந்தாங்க. அவ ஒரே கண்டிசன் வச்சிருந்தா: "நான் வீட்டுல பொழங்குனா மட்டும்தாங்க சொல்லுவேன்."

அவ வீடியோவுல ஆறுமுகம் தம்பி மூஞ்சி வரவே வராது. கூச்சம். கை மட்டும் வரும். குழம்பு கொதிக்கிற நேரத்துல இவ திரும்பாமலே, "இந்தாங்க, அந்த உப்பை எடுங்க"ன்னுவா. ஓரத்துலேருந்து ஒரு கை உப்பு டப்பாவோட நீளும். கீழ கருத்து எழுதுறவங்க பாதிப் பேரு குழம்பைப் பத்தி எழுதமாட்டாங்க, அந்தக் கையைப் பத்தித்தான் எழுதுவாங்க. என் மக நிலாவுக்கு வேலையே வீடியோ விளம்பரக் கம்பெனியில. ஜனங்க எந்த எடத்துல ஸ்கிப் பண்றாங்கன்னு கண்டுபிடிக்கிறதுக்கு இந்த ஊர்ல சம்பளம் குடுக்கிறாங்க. அவ ஒருநாள் சித்தி அனுப்புன சேனல் கணக்குப் படத்தைப் பாத்துட்டு, "அம்மா, சித்தி 'இந்தாங்க' சொல்ற எடத்துல யாருமே ஸ்கிப் பண்றதில்ல. திரும்பிப் போயிப் பாக்கிறாங்க"ன்னா. அது ஏன்னு அவளுக்கும் தெரியல, எனக்கும் அப்பச் சொல்லத் தெரியல.

4

விளம்பரத்தைப் பாத்த அன்னைக்குச் சாயங்காலமே வளருக்குப் போன் போட்டேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு. அழுது முடிச்சு மூக்கு அடைச்ச குரல்ல பேசுனா.

"அவரு ஊருக்கு வந்தப்பறம் போட்ட ஒரு குழம்பு வீடியோவை எடுத்து, என் வாயை வேற மாதிரி ஆட்டிவிட்டு, என் குரலையே செஞ்சு பேச வச்சிருக்காய்ங்கக்கா. கம்ப்யூட்டர்ல எல்லாம் செய்யலாமாம்."

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேரு வந்ததுமே பொய்னு தெரிஞ்சுபோச்சு எல்லாருக்கும். எங்க மாமியாதான் கிண்டல் பண்ணுது. 'ஏண்டி, போன்ல மட்டும் எம்மவன் பேரைக் கணீர்னு சொல்றியாமே'ன்னு."

புதுக்கோட்டைக்குப் போயிப் போலீசுல புகாரும் குடுத்திருக்கா. அங்க எழுதிக்கிட்டவரு கணவர் பேரு கேட்டிருக்காரு. இவ வழக்கம்போல விராலிமலையைச் சொல்லியிருக்கா. அவரு தலையைக்கூட நிமுத்தாம, "சண்முகமா, ஆறுமுகமா?"ன்னாராம். "ரெண்டாவதுங்க"ன்னாளாம். எழுதிக்கிட்டாராம். நம்ம ஆபீஸ்ல வேலை எப்படி நடக்குதுன்னு பாத்துக்கங்க.

ஆனா ஊரு நம்பி என்ன? அந்தத் தைலத்தை வாங்குனது வெளியூர்க்காரங்க. கோயம்புத்தூரு, சேலம், மலேசியா. தடவுன எடமெல்லாம் வெந்து கொப்பளிச்சுப் போச்சாம். அவங்க தைலக்காரனை எங்க தேடுவாங்க? வளரு சேனல்லதான் வந்து திட்டுனாங்க. காது குடுத்துக் கேக்க முடியாத பேச்சு. எல்லாரும் சேந்து அந்த வீடியோ கம்பெனிக்குப் புகார் அடிச்சாங்க. கம்பெனிக்காரன் பாத்தான், சேனலுக்கு வர்ற விளம்பர வருமானத்தை நிறுத்திட்டான். ஜனங்களை ஏமாத்துற சேனலாம்.

வளரு ஒரு வீடியோ போட்டா. குழம்பு இல்ல, ஒண்ணும் இல்ல. அடுப்புக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, "நான் அது இல்லீங்க. எங்க வீட்டுக்காரரு பேரை நான் சொல்லமாட்டேன்னு எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும்ங்க"ன்னா. தஞ்சாவூர்லேருந்து, சிவகங்கையிலேருந்து பொம்பளைங்க கூட்டம் கூட்டமா வந்து, "நாங்களும் சொல்லமாட்டோம், எங்களுக்குத் தெரியும்மா"ன்னு எழுதுனாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆனா கம்பெனி மெஷின் அதையெல்லாம் படிக்குமா?

இதெல்லாம் நடந்தப்பறம் ஒருநாள் போனை வைக்கப் போறப்ப வளரு குரலைத் தணிச்சா.

"அக்கா, அவரு பாஸ்போர்ட்டை எடுத்துப் பாத்துக்கிட்டு இருக்காரு. ஏஜெண்டுக்கும் போன் பண்ணிட்டாரு. இந்த மாசம் வருமானம் வரலன்னா திரும்பக் கெளம்பிருவாருக்கா."

திட்டுனதெல்லாம் காத்துல போயிரும். மனுஷன் பிளேன் ஏறிப் போயிட்டா?

5

நிலாகிட்டச் சொன்னேன். சும்மா சொல்லக் கூடாது, எள்ளுன்னா எண்ணெயா நின்னா. இந்தப் புள்ளை வீட்டுல பேசுற தமிழ் கொஞ்ச நஞ்சம்தான். பொங்கலுக்குச் சேலை கட்டச் சொன்னா ஆபீஸ்ல மீட்டிங்னு ஓடிருவா. சித்தின்னதும் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து அடுப்படி மேடையிலேயே உக்காந்துட்டா.

ஒருத்தர் மாதிரி வேஷம் போட்டு ஏமாத்துறாங்கன்னு மொதப் புகார் போட்டா. கண்ணை மூடித் தொறக்கல, பதில் வந்துருச்சு. அந்த விளம்பரம் எங்க விதி எதையும் மீறலைன்னு.

"யாருடி பாத்தா இம்புட்டு வேகமா?"

"யாரும் பாக்கலம்மா. மெஷின்தான்."

"மனுஷங்க யாரும் இல்லையா அங்க?"

"இருக்காங்க. அவங்ககிட்டப் போறதுக்கு இந்த மெஷின் விடணும்."

ரேசன் கடையில ஆளு இல்லன்னா அடுத்த தெருவுல போயி வீட்டுக் கதவைத் தட்டிக் கூட்டிட்டு வருவோம். இதுக்கு வீடு எங்க இருக்கு, கதவு எங்க இருக்கு?

நிலா விளம்பரத்தை நிறுத்தி நிறுத்திப் பாத்தா. நீல டிரம், பச்சைச் சேலை, ஒரு எடத்துல ஓரமா ஆறுமுகம் தம்பி கை. சட்டுனு நிமுந்தா. "அம்மா, சித்தி மூஞ்சியைத் திருடினதுக்கு மெஷின் கேக்காது. சித்தி வீடியோவைத் திருடினதுக்குக் கேட்டே ஆகணும். காப்பிரைட்டு."

"அதாவது ஆளைத் தூக்கிட்டுப் போனாக் கேக்க நாதியில்ல, அவ வச்ச குழம்பைத் தூக்கிட்டுப் போனாக் கேசு?"

"எக்ஸாக்ட்லி"ன்னா. நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

6

மறுநாள் நான் வேலையில இருக்கும்போது நிலா நேரா வளருக்கே போன் பண்ணி எல்லா விவரத்தையும் வாங்கி, காப்பிரைட்டுப் புகாரைப் போட்டுட்டா. நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டுறேன், புள்ளை வெளிறிப் போயி உக்காந்திருக்கா. புகாரு திரும்பி வந்துருச்சு. வீடியோவுக்குச் சொந்தக்காரர்னு நீங்க குடுத்த பேருக்கும் சேனலைத் தொறந்தவரு பேருக்கும் சம்பந்தமே இல்ல, இன்னொரு தடவை பொய்ப் புகார் குடுத்தா சேனலையே மூடிருவோம்னு எழுதியிருக்கான்.

"என்ன பேருடி குடுத்த?"

"சுப்பிரமணிய சுவாமி."

"யாருடி அது?"

"சித்தப்பாதான்! சேனல் யாரு பேருல இருக்குன்னு சித்திகிட்டக் கேட்டேன். அவரு பேருலன்னாங்க. அவரு பேரு என்னன்னு கேட்டேன். விராலிமலையில இருக்காருல்ல, அவரு பேருன்னாங்க. நான் விராலிமலைக் கோயிலைத் தேடிப் பாத்தேன். சுப்பிரமணிய சுவாமி கோயில்னு போட்டிருந்துச்சு. ஸ்பெல்லிங்கூட ரெண்டு தடவை செக் பண்ணேம்மா."

முருகனுக்குத்தான் பேருக்கா பஞ்சம்! புதுக்கோட்டையில புகார் எழுதிக்கிட்ட மனுஷன் ரெண்டு பேரைக் கேட்டு முடிச்ச வேலை. இவ கோயில் போர்டைப் பாத்துச் சாமியையே புகார்தாரர் ஆக்கிட்டா. பொறந்ததுலேருந்து ஆறுமுகம் தம்பியைச் சித்தப்பான்னே கூப்பிட்டு வளந்த புள்ளை. அவருக்குன்னு ஒரு பேரு வேணும்ங்கிற நெலைமை அவளுக்கு வந்ததே இல்ல.

"ஏண்டி, அந்த விளம்பரத்துலதான் ஆறுமுகம்னு வருதுல்ல? நீயும் நூறு தடவை பாத்தல்ல?"

"நீங்க எல்லாரும்தானே சொன்னீங்க, அந்தப் பேரு வந்ததுமே பொய்னு தெரிஞ்சுதுன்னு! அப்ப பேரு தப்புன்னுதானே அர்த்தம்?"

"பேரு பொய் இல்லடி. அவ சொன்னதுதான் பொய்."

நிலா என்னையே பாத்தா. அப்பறம் வெடிச்சா. புருஷன் பேரைச் சொல்லக்கூடாதுன்னா என்ன நியாயம் இது, அவருமட்டும் சித்தியை வளரு வளருன்னு கூப்பிடலையா, இது அடிமைத்தனம், இதனாலதான் இப்ப சேனலே போகப்போகுதுன்னு பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். நானும் விடல. உங்க சித்தி அடிமையா, அவ சொல்லித்தான் அந்த மனுஷன் அடுப்படியில உப்பு எடுத்துக் குடுக்கிறாரு, உங்கப்பா எடுத்துக் குடுப்பாரான்னு கத்துனேன். உள் ரூம்லேருந்து எங்க வீட்டுக்காரரு, "என்னை ஏன் இழுக்கிறீங்க?"ன்னாரு.

அவ சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல. ஏர்ப்போர்ட்ல வேர்த்துக் கொட்டுனப்ப நானும் அதைத்தான் நெனச்சேன், எவன்டா இந்த வழக்கத்தைக் கண்டுபிடிச்சான்னு. ஆனா ஊருக்கு முன்னாடி அவ மானத்தைக் காப்பாத்திக் குடுத்ததும் அந்த வழக்கம்தானே. ரெண்டும் நெசம். எதை எடுத்து எதை விடச் சொல்றீங்க?

கத்தி ஓய்ஞ்சதும் நிலா மூக்கை உறிஞ்சிக்கிட்டே லேப்டாப்பைத் தொறந்தா. "சித்தப்பா பேரு ஸ்பெல்லிங் சொல்லு." சொன்னேன். வளருக்கு அக்கா நான், எனக்கென்ன, தாராளமாச் சொல்லலாம். ஒவ்வொரு எழுத்தா அடிச்சா. இந்தத் தடவையும் தப்பாப் போச்சுன்னா சேனலே இருக்காது. அனுப்புற பட்டன் மேல விரலை வச்சுக்கிட்டு, "அம்மா, நீயும் கை வையி"ன்னா. சின்னப் புள்ளையில தடுப்பூசி போடுறப்பக் கேப்பா அப்படி. வச்சேன்.

7

ஒரு வாரம் பதிலே இல்ல. மெஷின் கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள பதில் போடுமே, இப்ப என்ன வந்துச்சு அதுக்கு? "லேட்டாச்சுன்னா மனுஷங்க பாக்கிறாங்கன்னு அர்த்தம்மா, நல்லதுதான்"னா நிலா. நான் விராலிமலை இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு போட்டேன். உன் பேரைத் தப்பாப் போட்டுட்டா எம்மவ, சின்னப் புள்ளை, மனசுல வச்சுக்காதன்னு.

அதுக்குள்ள அங்க ஏஜெண்டு வேகமா இருந்தான். ஆறுமுகம் தம்பிக்குத் திருச்சியில விசா மெடிக்கலுக்கு நாள் குறிச்சுட்டான். அதை முடிச்சுக் கையெழுத்துப் போட்டா ரெண்டு வருஷம் அங்கிட்டுத்தான். வளரு போன்ல அழக்கூட இல்ல. "சரிக்கா, போயிட்டு வரட்டும், என்ன செய்ய"ன்னா. அவ அழுதிருந்தாத் தேவலாம்போல இருந்துச்சு எனக்கு.

மெடிக்கல் அன்னைக்கு நான் சாப்பாட்டு ரூம்ல டப்பாவைத் தொறக்கல. அங்க காலை நேரம், கெளம்பியிருப்பாரு. போன் அடிச்சுது. நிலா.

"எடுத்துட்டாங்கம்மா!"

"எதை?"

"விளம்பரத்தை! எல்லா எடத்துலேருந்தும். அந்த தைலக்காரன் அக்கவுண்டையே மூடிட்டாங்க. சித்தி சேனல் மேல தப்பில்லன்னு மெயில் வந்திருக்கு. நிறுத்துன வருமானமும் திரும்ப வந்துரும்."

அவசரத்துல நான் வேற யாரு நம்பரையோ அமுத்திட்டேன். பிலிப்பைன்ஸ்காரிதான் போனை வாங்கி, படத்தைப் பாத்து அமுத்திக் குடுத்தா. வளரு எடுத்தா. நான் சொன்னேன். கரண்டி கீழ விழுந்த சத்தம்தான் கேட்டுச்சு.

"ஏடி, கேக்குதா? அவரு எங்கடி?"

"பஸ்ல போயிட்டாருக்கா. காலையிலேயே..."

"போனைப் போடுடி கூறுகெட்டவளே, எங்கிட்ட என்ன பேச்சு!"

வச்சுட்டா. அதுக்கப்பறம் நடந்ததை ஆறுமுகம் தம்பியே பெறகு சொன்னாரு. மாத்தூர் கிட்டப் போயிக்கிட்டு இருந்திருக்காரு. போனை எடுத்தா இவ விவரம் எதுவும் சொல்லலையாம். "எறங்குங்க"ன்னாளாம். எதுக்குன்னு கேட்டாராம். "எறங்குங்கன்னா எறங்குங்க"ன்னு சொல்லிட்டு ஓன்னு அழுதாளாம். யாருக்கோ என்னமோ ஆயிப்போச்சுன்னு பதறிப்போயி, கண்டக்டர்கிட்டக் கெஞ்சி ரோட்டு ஓரத்துல எறங்கி, எதுத்தாப்புல வந்த பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி ஏறிட்டாரு. பாதி வழி வந்தப்பறம்தான் நல்ல சேதின்னே அவருக்குத் தெரிஞ்சுதாம்.

நான் சாப்பாட்டு ரூம்ல தயிர்சாதத்தைத் தின்னேன். ஊறுகாய் மறந்து வந்திருந்தேன். அப்படி ஒரு தயிர்சாதம் என் வாழ்க்கையில தின்னதில்ல.

8

அந்த ஞாயித்துக்கிழமை வீடியோ கால் போட்டோம். நிலாவும் பக்கத்துல உக்காந்துக்கிட்டா, தானா வந்து. வளரு அடுப்படியில கோழி தாளிச்சுக்கிட்டு இருந்தா. போனை அந்த நீல டிரம் மேல சாத்தி வச்சிருந்தா. நாங்க இருக்கமேன்னு ஒரு மரியாதைக்குக்கூடத் திரும்பல, வேலையில கண்ணு.

நிலா கேட்டா: "சித்தி, கோவப்படாதீங்க. ஒரே ஒரு தடவை சித்தப்பா பேரு சொல்லணும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையா? இவ்வளவு பிரச்சனையிலகூட?"

வளரு சிரிச்சா. கோழியைக் கரண்டியால ஒரு கிண்டு கிண்டுனா. அப்பறம் சொன்னா:

"சொல்லியிருக்கேன், நிலா. அவரு குவைத்துல இருந்தப்ப. மெடிக்கல் ஷாப்ல, பேங்க்ல அவசரத்துக்குச் சொல்லவேண்டி வந்துச்சு, சொன்னேன். தூரத்துல இருக்கிற ஆளுதானே, நாக்கு வந்துச்சு. அதெல்லாம் பெருசில்ல. ஒருநா குழம்பு கொதிக்கையில நெனப்பில்லாம, 'இந்தாங்க, அந்த உப்பை எடுங்க'ன்னுட்டேன். சொல்லிட்டுத் திரும்பிப் பாத்தேன். பூனை மட்டும் உக்காந்திருந்துச்சு. அன்னைக்கு அந்தக் குழம்பை நான் திங்கவே இல்ல."

நிலா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ஜனங்க ஏன் அந்த எடத்துல ஸ்கிப் பண்றதில்லன்னு எனக்கு இப்பத் தெரிஞ்சுச்சு. வெளிநாட்டுல இருக்கிற ஆம்பளைங்க, ஊர்ல இருக்கிற அவங்க பொண்டாட்டிங்க, அத்தனை பேரும் அந்தக் கை வருதா இல்லையான்னு பாக்கத்தான் திரும்பித் திரும்பிப் போறாங்க.

"சரி, அவரு எங்க? பேசச் சொல்லு"ன்னேன்.

வளரு திரும்பாமலே கொல்லைப் பக்கம் பாத்துக் குரல் குடுத்தா.

"இந்தாங்க!"

"வாரேன், வாரேன்"னு சத்தம் வந்துச்சு. நாங்க பேசத்தான் கூப்பிட்டோம். ஓரத்துலேருந்து அந்தக் கை நீண்டுச்சு, உப்பு டப்பாவோட.